டெலஸ்கோப்பில் தெரியும் நீல உருண்டை நட்சத்திரமா?

மழை விட்டு மார்கழிப் பனி தொடங்கியதும் டெல்டா மாவட்டங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வகை வீடியோ சுற்ற ஆரம்பிக்கும். கறுப்புப் பின்னணியில் நீல உருண்டை ஒன்று நெளியும். அதன் ஓரத்தில் சிவப்பும் பச்சையும் ஓடும். சிலவற்றில் உருண்டையின் நடுவே வட்டமாகக் கறுப்பு ஓட்டை இருக்கும். “நட்சத்திரத்தை டெலஸ்கோப்பில் பார்த்தால் இப்படித்தான் தெரியும்” என்று கீழே எழுதியிருப்பார்கள். இதை நம்பி, பள்ளியில் நடக்கும் வான்நோக்கு நிகழ்ச்சிக்கு வந்து வரிசையில் நின்று கண்ணை வைப்பவருக்கு அங்கே தெரிவது வெறும் புள்ளி. கருவியில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டு போய்விடுகிறார்.

கருவியில் கோளாறு இல்லை. புள்ளிதான் சரியான காட்சி. வீடியோ எடுத்தவரும் பொய் சொல்லவில்லை. கேமராவில் பதிந்ததைத்தான் அனுப்பியிருக்கிறார். ஆனால் கண்ணுக்கு வந்துசேரும் படத்தில் நட்சத்திரத்தின் பங்கு கொஞ்சம், வழியில் உள்ள காற்றின் பங்கு கொஞ்சம், கருவியின் பங்கு கொஞ்சம். எது யாருடைய பங்கு என்று பிரித்துப் பார்க்காததால்தான் இந்தக் குழப்பம். பனிக்கால வானில் எளிதாக அடையாளம் தெரியும் ரைஜெல் என்ற நீல நட்சத்திரத்தை வைத்தே இதைப் பிரித்துப் பார்க்கலாம்.

ரைஜெல் எங்கே இருக்கிறது?

டிசம்பர் மாத நடுவில், இரவு எட்டு மணி வாக்கில், தஞ்சாவூரிலோ மன்னார்குடியிலோ கிழக்குப் பக்கம் பாருங்கள். மூன்று நட்சத்திரங்கள் நெருக்கமாக, ஒன்றன்மேல் ஒன்றாக நெட்டுக்குத்தாய் நிற்கும். அவற்றுக்கு இடப்பக்கம், அதாவது வடக்கே, செம்மஞ்சளாக ஒளிர்வது திருவாதிரை. வலப்பக்கம், ஏறக்குறைய அதே தொலைவில், வெளுத்த நீலமாகத் தெரிவதுதான் ரைஜெல். சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனம் நடக்கும் மார்கழித் திருவாதிரையன்று முழுநிலவு இந்த நட்சத்திரக் கூட்டத்தை ஒட்டியே நிற்பதால், அன்றைக்கு இடத்தைக் கண்டுபிடிப்பது இன்னும் சுலபம்.

சிறிது நேரத்தில் அந்த மூன்றுக்கும் கீழே, அடிவானத்தை ஒட்டி, இவை எல்லாவற்றையும்விடப் பிரகாசமான இன்னொன்று மேலே வரும். சிரியஸ் அது. இரவு வானின் நட்சத்திரங்களிலேயே மிகப் பிரகாசமானது; 8.6 ஒளியாண்டு (ஒளி ஓராண்டில் கடக்கும் தூரம்தான் ஓர் ஒளியாண்டு) தொலைவில் இருக்கிறது. “டிரோன் நிற்கிறது, நீலமும் சிவப்பும் மாறி மாறி அடிக்கிறது” என்று பதறிப் பகிரப்படும் படங்களில் பல இந்த சிரியஸாகத்தான் இருக்க முடியும். அடிவானத்துக்கு ஐந்து பாகை உயரத்தில் இருக்கும்போது, தலைக்கு நேர் மேலே இருப்பதைக் காட்டிலும் பத்து மடங்கு காற்றைத் துளைத்துக்கொண்டு அதன் ஒளி வருகிறது. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி கடற்கரையில் நின்றால் கிழக்கே மறைப்பே இல்லாததால் இந்த மினுமினுப்பு இன்னும் பலமாகத் தெரியும். அதே சிரியஸை இரவு பதினோரு மணிக்கு மேல் பார்த்தால் அமைதியாக வெண்ணீலமாக நிற்கும். நட்சத்திரத்தில் எதுவும் மாறவில்லை. குறுக்கே உள்ள காற்றின் அளவு குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நீலம் ஏன்?

நட்சத்திரத்தின் நிறம் அதன் மேற்பரப்பு வெப்பத்தைச் சொல்கிறது. சூடான பொருள் எல்லா அலைநீளங்களிலும் ஒளியை உமிழும். ஆனால் வெப்பம் கூடக்கூட, உமிழ்வின் உச்சம் குறைந்த அலைநீளத்தை நோக்கி நகரும். இது வீன் விதி. மூன்று எடுத்துக்காட்டுகளைப் போட்டுப் பார்க்கலாம்.

1. திருவாதிரை: சுமார் 3,500 கெல்வின். உச்சம் 800 நானோமீட்டரை ஒட்டி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் விழுகிறது. கண்ணுக்குத் தெரியும் பகுதியில் சிவப்பு மிகுதி.
2. சூரியன்: சுமார் 5,770 கெல்வின். உச்சம் 500 நானோமீட்டர் அளவில். எல்லா நிறமும் கலந்து வெள்ளை.
3. ரைஜெல்: சுமார் 12,000 கெல்வின். உச்சம் 240 நானோமீட்டர் அளவில், புறஊதாவில். அந்த ஒளியை ஓசோன் படலம் தடுத்துவிடுவதால் தரைக்கு அது வருவதேயில்லை. நமக்குக் கிடைப்பது உச்சத்திலிருந்து இறங்கிவரும் சரிவு மட்டும். அந்தச் சரிவில் ஊதாவும் நீலமும் கூடுதல், சிவப்பு குறைவு.

வெப்பத்தை நிறத்தை மட்டும் வைத்துச் சொல்லிவிடுவதில்லை. ஒளியை நிறமாலையாக, அதாவது வண்ணப் பட்டையாகப் பிரித்து, எந்தத் தனிமத்தின் கோடுகள் எவ்வளவு அழுத்தமாக இருக்கின்றன என்று பார்ப்பார்கள். அந்தக் கோடுகளையும் வெப்பத்தையும் இணைக்கும் சமன்பாட்டை 1920இல் தந்தவர் இந்திய இயற்பியலாளர் மேகநாத் சாகா. இன்று உலகில் எந்த நட்சத்திரத்தின் வெப்பத்தைச் சொன்னாலும் அதற்கு அடியில் அவர் போட்ட கணக்கு இருக்கிறது.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நீல நட்சத்திரம் என்றால் மயில் கழுத்து நீலத்தை எதிர்பார்க்கக் கூடாது. சரிவில் சிவப்பும் பச்சையும் முற்றிலும் இல்லாமல் போவதில்லை, அளவில் குறைகின்றன. அதனால் கண்ணுக்குத் தெரிவது நீலம் தோய்ந்த வெள்ளை. தனியாகப் பார்த்தால் ‘வெள்ளைதானே’ என்றுகூடத் தோன்றும். திருவாதிரையை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு உடனே ரைஜெலுக்குக் கருவியைத் திருப்பினால் நீலம் சட்டென்று தெரியும். டெலஸ்கோப் நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் நிலாவையும் சனியையும் காட்டிவிட்டு முடித்துவிடாமல், இந்த இரண்டையும் அடுத்தடுத்துக் காட்ட வேண்டும் என்பது என் அழுத்தமான கருத்து. எட்டிப் பிடிக்க முடியாத ஒரு பொருளின் வெப்பத்தைத் தன் கண்ணாலேயே ஒப்பிட்டுச் சொல்ல ஒரு குழந்தைக்குக் கிடைக்கும் வாய்ப்பு அது.

உருப்பெருக்கியும் புள்ளி ஏன் பெரிதாகவில்லை?

கோணத்தை அளக்கும் அலகுகள் பஞ்சாங்கம் பார்ப்பவர்களுக்குப் பழக்கமானவை: ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை. நிலாவின் அகலம் அரைப் பாகை, அதாவது 1,800 விகலை. வியாழன் கிட்ட வரும்போது 45 விகலைக்கு மேல் இருக்கும். அதனால்தான் அவை டெலஸ்கோப்பில் வட்டமாகத் தெரிகின்றன.

ரைஜெல் உண்மையில் பிரம்மாண்டமானது. அதன் விட்டம் சூரியனைப்போல் எழுபது மடங்குக்கு மேல். ஆனால் தொலைவு சுமார் 860 ஒளியாண்டு. இரண்டாம் ராஜராஜன் தாராசுரம் கோயிலைக் கட்டிய காலத்தையொட்டிக் கிளம்பிய ஒளிதான் இப்போது வந்துகொண்டிருக்கிறது. தொலைவின் அளவீட்டில் சில பத்தாண்டுகள் முன்பின் இருக்கலாம். அவ்வளவு தொலைவில் அதன் அகலம் சுமார் 0.0026 விகலை. பத்து ரூபாய் நாணயத்தை டெல்லியில் நிறுத்திவைத்துத் தஞ்சாவூரிலிருந்து பார்த்தால் எவ்வளவு அகலம் தெரியுமோ, ஏறக்குறைய அவ்வளவுதான்.

இங்கே ஒளியின் இயல்பு குறுக்கே வருகிறது. ஒளி அலை என்பதால், ஒரு வட்டத் திறப்பு வழியே நுழையும்போது விளிம்பு விளைவால் பரவுகிறது. எவ்வளவு சிறிய புள்ளியிலிருந்து வந்தாலும், குவியத்தில் அது ஒரு சின்ன வட்டாகவும் அதைச் சுற்றி மங்கலான வளையங்களாகவும்தான் விழும். அந்த வட்டின் அளவைத் தீர்மானிப்பது டெலஸ்கோப்பின் வாய் அகலம். 100 மில்லிமீட்டர் வாயுள்ள கருவியில் வட்டு சுமார் 2.8 விகலை. ரைஜெலின் உண்மையான அகலத்தைப்போல் ஆயிரம் மடங்கு! அதாவது, ஐபீஸில் (கண்ணை வைத்துப் பார்க்கும் வில்லையில்) தெரியும் அந்தத் துளி வட்டுகூட ரைஜெலின் உருவம் இல்லை. கருவி தன் வாய் அகலத்தைத்தான் அங்கே வரைந்து காட்டுகிறது. உருப்பெருக்கத்தை ஏற்றினால் பெரிதாவது இந்த வட்டுதான். அதற்குள் பார்க்கப் புதிதாக எதுவும் இருக்காது.

பெரிய கருவியாக இருந்தால்? ஜவ்வாது மலையில் காவலூரில் உள்ள வைணு பாப்பு ஆய்வகத்தின் 2.3 மீட்டர் டெலஸ்கோப்பை எடுத்துக்கொள்வோம். காற்றே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் அதில் உருவாகும் வட்டு ரைஜெலைவிட நாற்பது மடங்கு பெரிதாக இருக்கும். காற்றையும் சேர்த்தால் நிலைமை இன்னும் மோசம்.

அப்படியானால் 0.0026 விகலை என்று எப்படி அளந்தார்கள்? இதில் தமிழ்நாட்டுக்கு ஒரு தொடர்பு உண்டு. நீலகிரியில் குன்னூர் அருகே அருவங்காட்டில் 1916இல் பிறந்தவர் வானியலாளர் ராபர்ட் ஹான்பரி பிரௌன். அவரும் ரிச்சர்ட் ட்விஸ்ஸும் சேர்ந்து, உருவத்தைப் படம் பிடிக்கும் எண்ணத்தையே கைவிட்டு வேறொரு வழியைக் கண்டுபிடித்தார்கள். ஒரே நட்சத்திரத்தை நோக்கி இரண்டு பெரிய ஆடிகள். இரண்டிலும் விழும் ஒளியில் கணத்துக்குக் கணம் ஏற்படும் ஏற்ற இறக்கங்கள் எவ்வளவு தூரம் ஒத்துப்போகின்றன என்று மின்கருவியால் கணக்கிடுவார்கள். ஆடிகளை விலக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் ஒத்துப்போவது நின்றுவிடும். எந்த இடைவெளியில் நிற்கிறது என்பதிலிருந்து நட்சத்திரத்தின் அகலம் கிடைக்கும். 1960களில் தொடங்கி ஆஸ்திரேலியாவின் நாராப்ரையில் 188 மீட்டர் விட்டமுள்ள வட்டத் தண்டவாளத்தில், ஒவ்வொன்றும் 6.5 மீட்டர் அகலமுள்ள இரண்டு ஆடிகளை ஓடவிட்டு 32 நட்சத்திரங்களை அளந்தார்கள். ரைஜெலும் அவற்றில் ஒன்று. பரப்பில் வெப்பம் மிகுந்த நட்சத்திரங்களுக்குத்தான் இந்த முறை நன்றாக வேலை செய்யும் என்பதால் அந்தப் பட்டியலில் நீல நட்சத்திரங்களே நிறைய.

அப்போது அந்த உருண்டை எங்கிருந்து வருகிறது?

1. குவியம் தப்பினால் உருண்டை. ஐபீஸைச் சரியான இடத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளினாலும் வெளியே இழுத்தாலும் புள்ளி வட்டமாக விரியும். செல்போனும் பெரிய ஜூம் கேமராவும் இருட்டில் தானாகக் குவியம் பிடிக்கத் திணறி இப்படித்தான் விட்டுவிடுகின்றன. விரிவது கருவியின் வாய் வடிவம்.

2. நடுவில் உள்ள கறுப்பு ஓட்டை, ஆடி டெலஸ்கோப்பின் வாயருகே பொருத்தியிருக்கும் சிறிய ஆடியின் நிழல். குவியம் சரியானதும் காணாமல் போகும். அந்தச் சிறிய ஆடியைத் தாங்கும் கம்பிகள் காரணமாகப் பிரகாசமான நட்சத்திரத்தில் நான்கு முனைக் கூர்க்கதிர்கள் தெரியும். அவையும் நட்சத்திரத்துடையவை அல்ல.

3. உருண்டைக்குள் நெளிவது காற்று. வெவ்வேறு சூட்டில் உள்ள காற்றுத் திரள்கள் ஒளியை வெவ்வேறு அளவில் வளைக்கின்றன. அடிவானத்தின் அருகே நீலத்தையும் சிவப்பையும் காற்று வேறு வேறு கோணத்தில் வளைப்பதால் நிறங்கள் பிரிந்து ஓடும்.

4. வில்லை டெலஸ்கோப்பில் ஊதா ஒளிவட்டம் தெரிந்தால் அதையும் நட்சத்திரத்தின் கணக்கில் எழுதக் கூடாது. சாதாரண வில்லைகளால் எல்லா நிறங்களையும் ஒரே இடத்தில் குவிக்க முடிவதில்லை; ஊதா சற்றுத் தள்ளி விழுந்து புகைமூட்டமாகச் சூழும். ரைஜெல், சிரியஸ் போன்ற நீலம் மிகுந்தவற்றில் இது அதிகம். ‘எவ்வளவு நீலமாக இருக்கிறது பாருங்கள்’ என்று காட்டப்படும் படங்களில் பாதி நீலம் வில்லையின் குறையாகக்கூட இருக்கும். ஆடி டெலஸ்கோப்பில் இந்தச் சிக்கல் கிடையாது.

வட்டின் அளவை வாய் அகலமே தீர்மானிப்பதால், பெட்டியின் மேல் ‘525 மடங்கு பெருக்கும்’ என்று அச்சிட்டு விற்கும் 70 மில்லிமீட்டர் டெலஸ்கோப்புகளைப் பார்த்து மயங்க வேண்டாம். வாய் அகலம் எத்தனை மில்லிமீட்டரோ, அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் பெருக்குவதில் பயனில்லை. 70 மில்லிமீட்டருக்கு 140 மடங்கு. அதற்கு மேல் போனால் மங்கலும் நெளிவும்தான் பெரிதாகும்.

ஆனால் குவியம் தப்புவதில் ஒரு நன்மை இருக்கிறது. நிறத்தைப் பார்ப்பதற்காக வேண்டுமென்றே குவியத்தை ஒரு சிறிது தளர்த்துவது பழைய உத்தி. கூசும் புள்ளியைவிட, ஒளி கொஞ்சம் பரவிய வட்டில் நிறம் நன்றாகப் பிடிபடும். அளவுக்கு உருண்டையை நம்பக் கூடாது, நிறத்துக்கு நம்பலாம்.

டெல்டாவின் காற்று

நெபுலாக்களையும் (விண்வெளி வாயு மேகங்கள்) தூரத்து விண்மீன் மண்டலங்களையும் தேடுகிறவருக்கு இருட்டு வேண்டும். ரைஜெல் போன்ற பிரகாசமான நட்சத்திரத்துக்கு இருட்டு பெரிய விஷயமில்லை; அசையாத காற்றுதான் விஷயம். கும்பகோணத்தில் தெருவிளக்கு நிறைந்த தெருவின் மொட்டை மாடியிலிருந்தும் பார்க்கலாம்.

நம் ஊரின் இருப்பிடமே ஒரு வரம். தஞ்சாவூர் பூமியின் நடுக்கோட்டுக்கு வடக்கே 10.8 பாகையில் இருக்கிறது; ரைஜெல் அதற்கு நேர் மேலே வானில் ஓடும் வான நடுக்கோட்டுக்குத் தெற்கே 8.2 பாகையில். அதனால் உச்சிக்கு வரும்போது இங்கே அது 71 பாகை உயரத்தில் நிற்கும். லண்டனில் சுமார் 30 பாகைதான். அங்கே இரண்டு மடங்கு காற்று வழியே பார்க்க வேண்டும். டிசம்பரில் நள்ளிரவை ஒட்டியும், ஜனவரிக் கடைசியில் இரவு ஒன்பது மணி வாக்கிலும் அது இந்த உயரத்தில் இருக்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, சம்பா அறுவடை நடக்கும் தை மாதம்தான் இதற்கு ஏற்ற காலம்.

கெடுப்பவை அருகிலேயே இருக்கின்றன. பகலெல்லாம் வெயில் வாங்கிய கான்கிரீட் தளம் இரவு பத்து மணிவரை சூட்டை விட்டுக்கொண்டிருக்கும். அந்தக் காற்று கருவியின் முன்னாலேயே அலையும். தகரக் கொட்டகைக்கு மேலாகவோ அரிசி ஆலைப் புகைபோக்கிக்கு மேலாகவோ பார்த்தால் நட்சத்திரம் கொதிக்கும். களத்துமேடோ புல் தரையோ நல்லது. கருவியையும் முக்கால் மணி நேரம் முன்பே வெளியில் வைத்துவிட வேண்டும். வீட்டுக்குள் இருந்த ஆடியின் சூடு தணியும்வரை படம் நிலைக்காது.

இன்னொன்று பனி. வயல் ஈரமாக இருக்கும் ஊரில், காற்று அடங்கி மூடுபனி இறங்குவதற்கு முந்தைய நேரம் பெரும்பாலும் மிக நிதானமான நேரம். அதே நேரத்தில்தான் வில்லையிலும் நீர் படியும். முதலில் நட்சத்திரத்தைச் சுற்றி மென்மையான வளையம் தோன்றும், அது விரியும், பிறகு நட்சத்திரமே மங்கும். பார்ப்பவர் வானில் பனி கவிந்துவிட்டது என்று நினைப்பார், டார்ச் அடித்து வில்லையைப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். துண்டால் துடைத்தால் மேற்பூச்சு கீறிவிடும். சார்ட் அட்டையைச் சுருட்டிக் குழாயின் முன்னே ஒரு முழ நீளத்துக்கு மாட்டிவிட்டால் நீர் படிவது வெகுவாகத் தள்ளிப்போகும்.

ஒளிந்திருக்கும் துணை

டெலஸ்கோப் நட்சத்திரத்தைப் பெரிதாக்காது, ஆனால் அருகருகே உள்ள இரண்டைப் பிரித்துக் காட்டும். ரைஜெலுக்கு ஒரு துணை உண்டு. அதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்ட்ரூவ் என்ற வானியலாளர் அளந்து பதிவுசெய்தார். இடைவெளி சுமார் 9.5 விகலை. 100 மில்லிமீட்டர் கருவி இரண்டு விகலைக்கும் குறைவான இடைவெளியையே பிரிக்கக்கூடியது என்பதால் இது சுலபம் என்று தோன்றும். சுலபமில்லை. காரணம் பிரகாச வேறுபாடு.

நட்சத்திரங்களின் பிரகாசத்தைப் பொலிவெண்ணால் சொல்வார்கள். எண் கூடினால் பிரகாசம் குறைவு. ஐந்து எண் வித்தியாசம் என்றால் சரியாக நூறு மடங்கு என்று 1856இல் வரையறுத்தவர் நார்மன் போக்சன். பிறகு 1861இலிருந்து 1891இல் இறக்கும்வரை சென்னை வானாய்வகத்தில் பணியாற்றியவர். ரைஜெலின் பொலிவெண் சுமார் 0.1, துணையுடையது 6.7. போக்சனின் அளவுகோலில் இது ஏறக்குறைய 400 மடங்கு வித்தியாசம். பெரியதன் கூச்சத்தில் சிறியது மூழ்கிவிடுகிறது.

பார்க்கும் முறை இது. ரைஜெல் உச்சியை நெருங்கும்போது 100 முதல் 150 மடங்கு உருப்பெருக்கம் வையுங்கள். 900 மில்லிமீட்டர் குவியத்தூரக் கருவிக்கு 9 மில்லிமீட்டர் ஐபீஸ் போட்டால் 100 மடங்கு. கருவியை நகர்த்தாமல் விட்டால் ரைஜெல் மெல்ல ஒரு பக்கமாக நகரும்; அந்தப் பக்கம் மேற்கு. துணை இருப்பது தெற்கில், கொஞ்சம் மேற்கே சாய்ந்து. இடைவெளி எவ்வளவு என்று தெரிந்துகொண்டு தேட வேண்டும்: ரைஜெல் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் நகர்ந்து கடக்கும் அளவு அது. காற்று நிலைக்கும் சில கணங்களில், கூச்சத்தின் விளிம்பில், ஊசிமுனையாக ஒன்று தெரிந்து மறையும். திரும்பவும் அதே இடத்தில் தெரிந்தால் அதுதான். அந்த ஊசிமுனைக்கும் ரைஜெலுக்கும் நடுவில் உள்ள தூரம், பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான தூரத்தைப்போல் குறைந்தது சுமார் 2,500 மடங்கு.

பங்குனி கழிந்து ரைஜெல் மேற்கே இறங்கிய பிறகு கிழக்கில் இன்னொரு நீல நட்சத்திரம் வருகிறது: சித்திரை. சித்திரைப் பௌர்ணமி நிலா நிற்பது இதன் அருகில். தொலைவு சுமார் 250 ஒளியாண்டு, வெப்பம் ரைஜெலைப்போல் இரண்டு மடங்கு. இதுவும் இரட்டைதான், இரண்டும் நான்கே நாளில் ஒன்றையொன்று சுற்றிவிடும் அளவுக்கு நெருக்கம். மொட்டை மாடியில் வைக்கும் எந்த டெலஸ்கோப்பாலும் இவற்றைப் பிரித்துக் காட்ட முடியாது. 1890இல் ஹெர்மன் ஃபோகல் என்ற வானியலாளர் இதைக் கண்டறிந்ததுகூட உருவத்தைப் பார்த்து அல்ல. நிறமாலைக் கோடுகள் நான்கு நாளுக்கு ஒருமுறை முன்னும் பின்னும் நகர்ந்து திரும்பியதைப் பார்த்துத்தான்.